ஐம்பதுக்கு மேல் முதல் டிரையத்லான்: வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒன்று முடிந்த கையோடு அடுத்தது. இதற்குப் பெயர் ஸ்பிரிண்ட் டிரையத்லான். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் நுழைந்த போட்டி இதைப் போல இரண்டு மடங்கு. பேப்பரில் அவ்வப்போது வரும் அயர்ன்மேன் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அது இப்போதைக்கு நம் தலைவலி இல்லை.

தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலையில் கோட்டைப் பக்கம் நடப்பவர்களில் பாதிப் பேர் 5 கி.மீ. தூரத்தைப் பேசிக்கொண்டே முடிக்கிறார்கள். சைக்கிளில் 20 கி.மீ. என்பது ஒரு மாதப் பழக்கம். மாட்டிக்கொள்ளும் இடம் நீச்சல்தான். அப்புறம் ஒன்று: இருபத்தைந்து வயதுப் பையனுக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தில் ஆறும் உடம்பு நமக்கு இரண்டு நாள் கேட்கும். இந்த இரண்டையும் மதித்துத் திட்டம் போட்டால் நடைப்பழக்கம் உள்ள ஒருவருக்கு ஆறு மாதம் போதும். அவசரப்பட்டு மூன்று மாதத்தில் முடிக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முட்டியிலோ தோள்பட்டையிலோ வலியோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் டாக்டர்

வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, சி.எம்.சி.க்கு வருகிறார்கள். நமக்கு அது டவுன் பஸ் தூரம். ஆகவே பரிசோதனை செய்யாமல் தொடங்குவதற்குச் சாக்கு கிடையாது. எந்த மருத்துவமனையாக இருந்தாலும் சரி, டாக்டரிடம் "வாக்கிங் போறேன்" என்று மழுப்பாமல், என்ன செய்யப் போகிறீர்கள் என்று மூன்று தூரத்தையும் சொல்லுங்கள். பிரஷர், சுகர், இ.சி.ஜி. கட்டாயம். டிரெட்மில் பரிசோதனை, எக்கோ வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நடந்த மரணங்களையும் இதயம் திடீரென்று நின்றுபோன சம்பவங்களையும் கணக்கெடுத்துப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நேர்ந்திருந்தன. சிக்கியவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். போட்டிக்குப் போகாதீர்கள் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதற்குத்தான்.

மாத்திரை விஷயத்தைக் குறிப்பாகக் கேளுங்கள். பிரஷருக்கு மெட்டோபிரோலால், அட்டெனோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதயத்துடிப்பு அவ்வளவாக ஏறாது. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டக்கூடாது. சுகருக்கு கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குப் பயிற்சி நடுவில் சுகர் சட்டென்று இறங்கலாம். அதைத் தண்ணீரில் இருக்கும்போது கண்டுபிடிப்பது கஷ்டம். பயிற்சி நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரே சொல்லட்டும், நாமாகக் குறைக்க வேண்டாம். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் கண் டாக்டர் சரி என்று சொல்லும்வரை நீச்சல் குளத்துப் பக்கம் போகக்கூடாது.

நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல். இதில் ஒன்று வந்தாலும் அன்றைய பயிற்சி அந்த நிமிடமே முடிந்தது. கேஸ் என்று சொல்லி சோடா குடிக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

நீச்சல்

வட ஆற்காட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டி ஏதாவது ஒரு கிணற்றில் குதித்திருப்பார்கள். தண்ணீரைக் கண்டு பயம் இருக்காது. ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் வெளியே நிற்கும், கால் கீழே தொங்கும், நாலு கை போட்டால் படிக்கட்டு வந்துவிடும். அந்த நீச்சலில் 100 மீட்டர் போனாலே நாக்கு தள்ளிவிடும். தலை தூக்கினால் இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவது போலாகிவிடும். ஆகவே கிணற்றில் நீந்தியவரும் புதிதாக வருபவரும் கற்க வேண்டியது ஒன்றுதான்: முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடுவது.

இதைப் படிப்படியாகச் செய்யுங்கள். முதல் வாரம் நீந்தவே வேண்டாம். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை உள்ளே வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழி வரும்படி மெதுவாக ஊத வேண்டும். முழுதாக ஊதி முடித்த பிறகு முகத்தைத் தூக்கினால் காற்று தானாக உள்ளே வரும். புதிதாக வருபவர் உள்ளே மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே வந்த அரை நொடியில் விடவும் இழுக்கவும் பார்க்கிறார். ரெண்டும் நடக்காது. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருப்பதும் பதறுவதும் அதனால்தான். குளத்தில் கோச்சுகள் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கத்துவது இதைத்தான்: "சார், உள்ள ஊதிக்கினே இருங்க. வெளிய வந்தா இழுக்க மட்டும்தான் டைம்."

இரண்டாவது, சுவரைப் பிடித்துப் படுத்தபடி தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பழக வேண்டும். தூக்கக் கூடாது, திருப்ப வேண்டும். சரியாகத் திருப்பினால் ஒரு கண்ணாடி தண்ணீருக்குள்ளும் மற்றது வெளியிலும் இருக்கும். காது நீட்டிய கையின்மேல் படுத்திருக்கும். வாயின் ஓரம் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தால் போதும். இது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அதன் பிறகு தூரம். 25 மீட்டர் குளத்தில் 750 என்பது 30 நீளம். ஒரு நீளம் போய், பத்து மூச்சு ஓய்வெடுத்து, அடுத்த நீளம். அப்படி எட்டு நீளம் சுலபமானதும் இரண்டிரண்டாகச் சேர்க்கலாம், பிறகு நாலு நாலாக. ஓய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், வேகத்தைக் கூட்ட வேண்டாம். நிற்காமல் 400 மீட்டர் வந்துவிட்டால் 750 தொலைவில் இல்லை. போட்டிக்கு முன் குளத்தில் ஒருமுறையாவது 1000 மீட்டர் நீந்தியிருப்பது மனதுக்குத் தெம்பு. காலை அதிகம் உதைக்காதீர்கள். கால் உங்களுக்குச் சைக்கிளிலும் ஓட்டத்திலும் வேண்டும்.

இப்படித் தலையைப் பக்கவாட்டில் திருப்பி நீந்தும் ஃப்ரீஸ்டைல்தான் என்று விதி எதுவும் இல்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் முழுத் தூரமும் போகலாம், மல்லாந்துகூடப் போகலாம். ஆனால் முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்குப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் தவளை உதை ஆகாது. சுகர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம். தண்ணீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் கையைச் சுழற்றிச் சூடேற்றுங்கள். தோளில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு உதைப் பலகையை வைத்துக்கொண்டு கால் பயிற்சி மட்டும்.

தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுபவர்கள் பவர் உள்ள நீச்சல் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். கடிகாரமும் தெரியாமல் எதிரே வருபவரும் தெரியாமல் நீந்துவது தேவையில்லாத பதற்றம். பெண்களுக்கு: பல குளங்களில் தனி நேரம் ஒதுக்கியிருப்பார்கள், விசாரியுங்கள். கை கால் மூடிய முழுநீள லைக்ரா நீச்சலுடை கிடைக்கிறது. பருத்திச் சுடிதாரோடு குளத்தில் விடமாட்டார்கள். விட்டாலும் நனைந்த துணி கீழே இழுக்கும்.

கல்குவாரி, தூர்ந்த கிணறு, மழைக்கால ஏரி எதிலும் தனியாகப் பயிற்சி வேண்டாம். பாலாற்றைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. வருடம் முழுக்க மணலாகக் கிடந்துவிட்டு 2021 நவம்பரில் கரை தெரியாமல் ஓடியது. இரண்டு நிலையுமே நீச்சலுக்கு ஆகாது. முதல் போட்டியாக நீச்சல் குளத்தில் நடத்தப்படுவதைத் தேர்ந்தெடுங்கள். கடலில்தான் என்றால் அனுபவம் உள்ள குழுவோடு, ஆபத்துக்கு உதவுபவர் பக்கத்தில் இருக்கும்போது, முன்கூட்டியே சில முறையாவது இறங்கிப் பாருங்கள். குளத்தின் அடியில் உள்ளதுபோலக் கடலில் கோடு கிடையாது. எட்டுப் பத்துக் கைக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி மிதவையைப் பார்க்க வேண்டும். இதைக் குளத்திலேயே பழகலாம்.

சைக்கிள்

புது சைக்கிளுக்கு ஐம்பதாயிரம் செலவழித்துவிட்டு ஆரம்பிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. கியர் உள்ள சாதாரண ஹைபிரிட் சைக்கிள் தாராளம். வீட்டில் பையன் விட்டுப்போன சைக்கிள் தூசி படிந்து நின்றால் அதுவே போதும். கடையில் கொண்டுபோய் விட்டால் "இன்னா சார், இந்த வயசுல ரேஸா?" என்று கேட்பார்கள். "ரேஸெல்லாம் இல்லப்பா, முடிச்சா போதும்" என்று சொல்லி இரண்டு பிரேக், செயின், டயர், வீல் பெண்டு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டேண்ட், கூடை, கேரியரைக் கழற்றிவிடலாம். ஹேண்டில் பாரின் இரண்டு முனையிலும் மூடி இருக்க வேண்டும். திறந்த குழாயோடு வந்தால் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். விழுந்தால் அது வயிற்றில் குத்தும் என்பதால் இந்த விதி.

சீட் உயரம்தான் முட்டியின் ஆயுள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக இருந்தால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். நம்மூரில் பெரும்பாலானோர் இரண்டு காலும் தரையில் ஊன்றும் அளவுக்கு சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள். முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட லேசான கியரில் வேகமாகச் சுற்றுவது முட்டிக்கு நல்லது.

சாலை என்று பார்த்தால், பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே வேண்டாம். விடியற்காலையில் அங்கே லாரிக்காரர்கள் தூக்கக் கலக்கத்தில் வருவார்கள். பாகாயம் தாண்டிக் கணியம்பாடி வழியாக அமிர்தி போகும் சாலையோ, ஸ்ரீபுரத்தைத் தாண்டி ஊசூர், அணைக்கட்டுப் பக்கமோ, காட்பாடிக்காரர்களுக்கு வள்ளிமலைப் பக்கமோ நல்லது. வெள்ளை அடிக்காத வேகத்தடைகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பகலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதற்குச் சலித்துவிடும்.

ஆரம்பத்தில் 8, 10 கி.மீ. போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று கி.மீ. கூட்டி, போட்டிக்குள் ஒருமுறை 30 கி.மீ. போய்வந்திருந்தால் 20 சாதாரணமாகத் தெரியும். பங்சர் ஒட்டத் தெரியாவிட்டாலும் ட்யூப் மாற்றத் தெரிய வேண்டும். போட்டியில் வெளியாள் உதவி வாங்கக்கூடாது.

ஓட்டம்

மூன்று நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை. இப்படியே 5 கி.மீ. வரை. நடப்பது கேவலம் இல்லை, விதி அனுமதிக்கிறது. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. தார் ரோட்டைவிட நேதாஜி ஸ்டேடியம் மாதிரி மைதானங்களும் மண் ஓரமும் முட்டிக்கு இதம். ஷூ அரை அளவு பெரிதாக வாங்குங்கள், வெயிலில் பாதம் வீங்கும்.

சைக்கிளில் இருந்து இறங்கி ஓட ஆரம்பித்தால் முதல் பத்து நிமிடம் கால் நம்முடையது மாதிரியே இருக்காது. தொடை கல்லாகிப் போயிருக்கும், பாதம் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. இது எல்லோருக்கும் உள்ளது. பழக்கத்தால் மட்டுமே குறையும். கடைசி இரண்டு மாதத்தில் வாரம் ஒருநாள் சைக்கிளை நிறுத்தியவுடன் பத்து, பதினைந்து நிமிடம் ஓடிப் பாருங்கள். இதைப் பிரிக் பயிற்சி என்பார்கள்.

வாரம் எப்படி, வெயில் எப்படி

இரண்டு நாள் நீச்சல், ஒருநாள் ஓட்டம், ஒருநாள் சைக்கிளும் ஓட்டமும், இரண்டு நாள் வீட்டிலேயே இருபது நிமிட வலுப்பயிற்சி. வலுப்பயிற்சியை நீச்சல் நாளின் மாலையில் வைத்துக்கொண்டால் மூன்று நாள் முழு ஓய்வு கிடைக்கும். வலுப்பயிற்சி என்றால் ஜிம் வேண்டாம்: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, குதிகால் தூக்குவது, சுவரில் தண்டால், ஒற்றைக் காலில் நிற்பது. ஐம்பதுக்கு மேல் தசை தானாகக் கரையும் என்பதால் இதை விட்டுவிடக்கூடாது. ரத்தினகிரி படிக்கட்டு ஏறுவதும் நல்ல பயிற்சி. இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும், இறங்கும்போது நிதானம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: ஆறு உண்டு தண்ணீர் இல்லை, மலை உண்டு மரம் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை. சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. இந்த விளையாட்டுக்கு இடைஞ்சலான இரண்டும் அதிலேயே அடங்கிவிட்டன. பகலெல்லாம் சூடேறிய பாறை மலை ராத்திரியிலும் அனல் கக்கும். அதனால் பயிற்சியை கத்திரி வெயில் முடிந்து ஜூன் கடைசியில் தொடங்கி, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வரும் போட்டிக்குக் குறி வையுங்கள். காலை ஐந்துக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீடு. சென்னையில் போட்டி என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: நம்மூரில் வேர்வை சீக்கிரம் காயும், அங்கே காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு ஆறாது. நம்மூர் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே போக வேண்டும்.

ஒரு நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்துதான். உப்பு போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ போதும், பிரஷர் உள்ளவர்கள் உப்பு அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடை மாற்றும் இடம்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தை டிரான்சிஷன் என்பார்கள். இளசுகள் இங்கே நொடிகளை மிச்சம் பிடிப்பார்கள். நாம் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாலும் யாரும் திட்டமாட்டார்கள். மொட்டை மாடியில் ஒரு துண்டை விரித்து இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். ஹெல்மெட் ஹேண்டில் பாரின்மேல் மல்லாந்து, அதற்குள் கண்ணாடி. கீழே ஷூ, அதற்குள் கொஞ்சம் பவுடர். சாக்ஸை அப்படியே வைக்காமல், கைவிரலால் நுனிவரை சுருட்டி வளையம் மாதிரி வைத்தால், ஈரக் காலிலும் விரல்களை நுழைத்து ஒரே இழுப்பில் உருட்டிவிடலாம். இல்லாவிட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு முரண்டு பிடிக்கும். முடிச்சுப் போடத் தேவையில்லாத எலாஸ்டிக் லேஸ் வாங்கிக்கொண்டால் குனியும் வேலை குறையும்.

மறக்கவே கூடாத விதி: ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். முடித்து வந்து சைக்கிளை நிறுத்திய பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். சைக்கிளை எடுத்து வெளியே போகும்போது, ஏறும் இடத்தில் போட்டிருக்கும் கோடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும், ஏறக்கூடாது. காதில் பாட்டுக் கருவி கூடாது. முன்னால் போகும் சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுத் தடுப்பில் போவதும் நம் பிரிவுகளில் பெரும்பாலும் தடை.

போட்டி நாள்

முந்தின ராத்திரி ஆம்பூர் பிரியாணி வேண்டாம், மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொள்ளலாம். காலையில் இரண்டு இரண்டரை மணி நேரம் முன்பே மூன்று இட்லி, ஒரு பழம். பழகாத எதுவும் அன்றைக்கு வேண்டாம், புது ஷூவும் சேர்த்து.

தண்ணீரில் கூட்டத்துக்குக் கடைசியில், ஓரத்தில் நில்லுங்கள். முன்னே போகிறவர்கள் முதல் இரண்டு நிமிடத்தில் கை கால் உதைத்துக் குளத்தையே கலக்கிவிடுவார்கள். பதறினால் மல்லாந்து படுத்து இருபது மூச்சு விடுங்கள். காவல் படகையோ கயிற்றையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு முன்னே நகரக்கூடாது, அவ்வளவுதான். கரையேறும்போது மெதுவாக எழுங்கள். படுத்தே வந்த உடம்பு சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். நடந்தே போய்ச் சைக்கிளை எடுங்கள்.

கணக்குப் போட்டால் நீச்சலுக்கு 25 நிமிடம், சைக்கிளுக்கு 65, ஓட்டத்துக்கு 45, மாற்றங்களுக்கு 10. இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். பதிவு செய்யும்போதே அந்தப் போட்டியின் நேர வரம்பைப் பாருங்கள், சில இடங்களில் நீச்சலுக்குத் தனி வரம்பு இருக்கும். நீச்சல் இன்னும் கைவரவில்லை என்றால் ரிலேயில் சைக்கிளையோ ஓட்டத்தையோ எடுத்துக்கொள்ளலாம், அல்லது நீச்சலே இல்லாத டுவத்லானில் தொடங்கலாம். வயதுப் பிரிவு பெரும்பாலும் ஐந்தைந்து வருடமாக இருக்கும், டிசம்பர் 31 அன்று உங்கள் வயது எதுவோ அதுதான் கணக்கு. அறுபதுக்கு மேற்பட்ட பிரிவில் மூன்று பேர்கூட வராத போட்டிகள் உண்டு, அங்கே முடித்தாலே மேடை.

கோட்டைத் தாண்டியதும் உடனே உட்காராதீர்கள், படுக்கவும் வேண்டாம். பத்து நிமிடம் நடந்தால் காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். அரை மணிக்குள் ஏதாவது சாப்பிடுங்கள், சுகர் உள்ளவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஊர் திரும்பும்போது காரை வேறு யாராவது ஓட்டட்டும். காவேரிப்பாக்கம் தாண்டுவதற்குள் உங்களுக்குக் கண் சொக்கும்.